‘640 பேருக்கு டெங்கு, இருவர் மரணம்’: இந்த வரியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை இறங்கி மூன்று நான்கு கிழமை போனால் திருகோணமலையில் டெங்குக் கணக்கு ஏறத் தொடங்கும். தை, மாசி வரை அது லேசில் இறங்காது. அந்த நாட்களில் வாட்சப் குழுக்களில் ஒரு வரி சுற்றும்: ‘மாவட்டத்தில் 640 பேருக்கு டெங்கு, இருவர் மரணம், மரண வீதம் 0.31.’ சிலர் அதை அப்படியே நம்புவார்கள். சிலர் ‘எல்லாத்தையும் மறைக்கிறாங்கள்’ என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள். அந்த எண்ணை யார், எந்த நாளில், எதை எண்ணிச் செய்தார்கள் என்று மட்டும் இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

ஊர்ச் செய்தியாளர், சனசமூக நிலையச் செயலாளர், பள்ளிவாசல் நிர்வாகி, பாடசாலை அதிபர் என்று, இந்த எண்ணை மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பான் போதும். 640, 2 என்பவை பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். நாட்டின் பெயரோடும் ஆண்டோடும் வரும் எண்கள் உண்மையானவை.

எதை எதால் வகுத்தார்கள்?

‘மரண வீதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கணக்குகள் கிடக்கின்றன. நோயாளராகப் பதியப்பட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒன்று: 2ஐ 640ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 0.31 சதவீதம். கிருமி தொற்றியவர்கள் எல்லாரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்னொன்று. டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாது. பலர் பரசிட்டமோல் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்து எழும்பிவிடுவார்கள். உண்மையில் 6,000 பேருக்குத் தொற்றியிருந்தால் அதே இரண்டு மரணம் 0.03 சதவீதமாகிவிடும். மூன்றாவது, சனத்தொகையில் எத்தனை பேர் என்பது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் இரண்டு மரணம் என்றால் இலட்சத்துக்கு 0.5.

மூன்றுமே சரியான கணக்குகள்தான். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும்போதுதான் பிழை வருகிறது. ஆகவே எண்ணைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கீழே உள்ள எண், அதாவது வகுக்கும் எண், எது என்பது.

இலங்கையின் டெங்குக் கணக்கில் கீழே இருப்பது ‘சந்தேக நோயாளர்’ எண்ணிக்கை. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகம் எழுந்ததுமே வைத்தியர் அறிவிக்க வேண்டும் என்பதே விதி. பரவலைத் தடுக்க அதுவே சரியான விதியும்கூட. ஆனால் மேலே இருக்கும் மரணம், பெரும்பாலும் விசாரித்து உறுதிசெய்த பிறகு ஏறுவது. 2017இல் நாடு முழுவதும் 186,101 சந்தேக நோயாளர், 440 மரணம். வீதம் 0.24 சதவீதம். மேலே உறுதியானது, கீழே சந்தேகமானது என்பதை மறந்துவிட்டு இந்த 0.24ஐ, ஆய்வுகூடத்தில் உறுதியானவர்களை மட்டும் எண்ணும் வேறொரு நாட்டின் வீதத்தோடு வைத்தால் எமது நிலைமை இருப்பதைவிட நன்றாகத் தெரியும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

ஒரு மரணம் கணக்கில் ஏறும் வழி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

மூதூரில் 52 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சீனி வருத்தமும் (நீரிழிவு) உள்ளவர். ஞாயிறு காய்ச்சல் தொடங்குகிறது. திங்கள் தனியார் வைத்தியரிடம் காட்டுகிறார். அங்கிருந்து அறிவித்தல் போவது அரிது. புதன் மூதூர் ஆதார வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். அங்கே எச்-544 என்ற அறிவித்தல் படிவம் நிரப்பப்பட்டு, அவர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. அதைப் பதிவேட்டில் பதிந்து பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுப்பார்கள். அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச்-411 நிரப்புவார். பணிமனை வெள்ளியோடு முடியும் கிழமைக்கு எச்-399 என்ற வாராந்த விவரத்தைக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அனுப்பும். இதற்கிடையில் வியாழன் அந்தப் பெண்ணை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றுகிறார்கள். சனிக்கிழமை அங்கே இறந்துபோகிறார்.

இப்போது கணக்கு எங்கே நிற்கிறது? நோயாளராக அவர் மூதூரில் எண்ணப்பட்டுவிட்டார். மரணப் பதிவு, மரணம் நிகழ்ந்த இடத்துப் பதிவாளரிடம், அதாவது மட்டக்களப்பில் நடக்கும். டெங்கு மரணம்தானா என்று வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து முடிவு வரக் கிழமைகள் போகலாம். அந்தக் கிழமை அறிவிப்பில் அவர் கீழ் எண்ணில் இருக்கிறார், மேல் எண்ணில் இல்லை. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கணக்கில் அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் ‘திருகோணமலையில் மரணம் இல்லை’ என்ற செய்தி அன்று வந்திருக்கும். அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ மாற்றப்படுகிறவர்களின் கதையும் இதுதான். கடும் நோயாளரை வெளியே அனுப்பும் மாவட்டத்தின் மரண வீதம் இடத்தின்படி எண்ணினால் எப்போதும் குறைவாகத் தெரியும், அவர்களை ஏற்கும் மாவட்டத்தினது கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது மரணச் சான்றிதழ். மரணத்துக்கான மருத்துவச் சான்றிதழில் முதற்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் இருக்கும். மேல்வரியில் உயிர் போவதற்கு நேரடிக் காரணம், அதன் கீழ் அதற்குக் காரணமானது, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடக்கிவைத்த அடிப்படைக் காரணம். இரண்டாம் பகுதியில் துணைநின்ற மற்ற நோய்கள். எமது உதாரணத்தில் சரியான எழுத்து இப்படி இருக்கும்: பல உறுப்புச் செயலிழப்பு, அதற்குக் காரணம் அதிர்ச்சி நிலை, அதற்குக் காரணம் டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல், இரண்டாம் பகுதியில் நீரிழிவு. புள்ளிவிவரத்தில் எண்ணப்படுவது அடிப்படைக் காரணம். அவசரத்தில் முதல் வரியோடு நிறுத்தினால் டெங்கு காணாமல் போய்விடும். ‘இதயம் நின்றது’, ‘மூச்சுத் திணறல்’ என்பவை காரணங்களே அல்ல, எந்த மரணத்திலும் கடைசியில் நடப்பவை. நீரிழிவைக் கீழ்வரிக்குக் கொண்டுவந்தாலும் மரணம் வேறு நோயின் கணக்குக்குப் போய்விடும்.

வீட்டில் நிகழும் இயற்கை மரணத்தில் வைத்தியரே இல்லை. கிராம உத்தியோகத்தரின் அறிக்கையை வைத்துப் பதிவு நடக்கும். காரணம் குடும்பத்தார் சொல்வதுதான்: ‘காய்ச்சல்’, ‘முதுமை’, ‘நெஞ்சுவலி’. சந்தேகம் இருந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகும். வைத்தியசாலைகள் நிரம்பி வழியும் காலத்தில் வீட்டு மரணம் கூடும். நோய் உச்சத்தில் இருக்கும்போதே காரணம் பதியப்படுவது மங்கலாவது இதனால்தான்.

கொவிட் காலத்து எண்களைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தோரின் உடலைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் (இறந்த முஸ்லிம்களின் உடல்கள்) அடக்கப்பட்டன. கிண்ணியாவிலும் மூதூரிலும் பல குடும்பங்களுக்கு அது ஆறாத காயம். கணக்கின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது கேடான விதிதான். உடலை எரித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில் வருத்தக்காரரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் பரிசோதிக்கவும் தயங்குவார்கள், எண் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே 2021 மார்ச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைய வேண்டாம். அந்தத் திகதியில் ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டு, விதி மாறியதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

திகதியைப் பிரித்தெடுங்கள்

ஒரு மரணத்துக்கு மூன்று திகதி உண்டு: நிகழ்ந்த நாள், உறுதிசெய்த நாள், அறிவித்த நாள். செய்தியில் வருவது மூன்றாவது. 2021 மே, ஜூன் மாதங்களில் அரசாங்க தகவல் திணைக்களம் வெளியிட்ட கொவிட் மரண அறிவிப்புகளில் பல, முந்தைய நாட்களிலும் கிழமைகளிலும் நிகழ்ந்த மரணங்களை ஒன்றாகச் சேர்த்தவை. ‘இன்று உயர்ந்துவிட்டது’ என்று அதை வாசித்தவர்கள் கோப்பு நகர்ந்த வேகத்தை நோயின் வேகமாக எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ந்த நாளின்படி வரைந்த வரைபடம் இருந்தால் அதை எடுங்கள். அதிலும் கடைசி இரண்டு கிழமையை நம்ப வேண்டாம்: அங்கே கோடு இறங்குவது போலத் தெரிவது, இன்னும் வந்துசேராத மரணங்களால்தான்.

நோய் ஏறிக்கொண்டிருக்கும்போது எளிய வகுத்தல் குறைத்துக் காட்டும். இன்று வாட்டில் கிடப்பவர்களில் சிலர் நாளை இறப்பார்கள், அவர்கள் கீழே எண்ணப்பட்டுவிட்டார்கள், மேலே இன்னும் இல்லை. 2003இல் சார்ஸ் நோய்க்கு முதலில் 4 சதவீதம் அளவில் சொன்னார்கள். முடிவில் 8,096 நோயாளரில் 774 பேர் இறந்திருந்தார்கள், ஏறத்தாழ 9.6 சதவீதம்.

இதைத் திருத்த ஒரு எளிய வழி, முடிவு தெரிந்தவர்களை மட்டும் எடுப்பது. எமது 640 பேரில் 410 பேர் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள், இருவர் இறந்தார்கள், 228 பேர் இன்னும் சிகிச்சையில் என்றால், 2ஐ 412ஆல் வகுக்க வேண்டும்: 0.49 சதவீதம். முதலில் வந்த 0.31 கீழ்க்கரை, இது மேல்க்கரைக்குக் கிட்ட. மரணம் விரைவாகவும் சுகமாவது மெதுவாகவும் நடக்கும் நோயில் இந்த வழி மிகைப்படுத்தும், ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். டெங்குவில் ஆபத்துக் கட்டம் பொதுவாகக் காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள் வந்துபோய்விடும், அதனால் இடைவெளி சிறியது. கொவிட்டில் அறிகுறி தொடங்கி மரணம் வரை பல கிழமை போகலாம். அங்கே ஒரு மாதம் பொறுத்துத்தான் வீதம் பேச வேண்டும்.

வரைவிலக்கணம் மாறினாலும் எண் மாறும். இங்கிலாந்தில் 2020 ஓகஸ்டில், பரிசோதனையில் உறுதியாகி 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று முடிவெடுத்தபோது ஒரே நாளில் 5,300க்கு மேற்பட்ட மரணங்கள் பட்டியலிலிருந்து கழிந்தன. பெருவில் 2021 மே 31 அன்று நேர் எதிராக நடந்தது. பரிசோதனை செய்யப்படாதவர்களையும் சேர்த்து எண்ணியதில் 69,342 என்பது 180,764 ஆனது. ஒரு அரசு தன் எண்ணை இப்படிப் பகிரங்கமாகத் திருத்தினால் ‘பார்த்தீர்களா, பொய் சொல்லியிருக்கிறார்கள்’ என்று பாயாதீர்கள். நீண்ட காலம் ஒரு தடவைகூடத் திருத்தாத பட்டியல்தான் எங்களுக்கு அதிகம் சந்தேகம் தருவது.

சின்ன எண்ணின் ஆட்டம்

எமது மாவட்டத்துக்கு இது மிக முக்கியம். ஒரு மரணம் இரண்டானால் வீதம் ‘இரட்டிப்பு’. ஆனால் அது தற்செயலாகவே நடக்கக்கூடியது. புள்ளியியலில் 95 சதவீத நம்பிக்கை எல்லை என்று சொல்வதை வைத்துப் பார்த்தால், கண்ட மரணம் 2 என்றால், தற்செயல் ஆட்டத்தை நீக்கினால் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 0.24 முதல் 7.2 வரை எங்கும் இருக்கலாம். 5 என்றால் 1.6 முதல் 11.7 வரை. 10 என்றால் 4.8 முதல் 18.4 வரை. ஆகவே 640க்கு 2 என்பதன் நேர்மையான வாசிப்பு, 0.04 முதல் 1.1 சதவீதம் வரை. பூச்சியத்துக்கும் ஒரு விதி உண்டு: மூன்றை நோயாளர் எண்ணால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். 300 நோயாளரில் மரணம் இல்லை என்றால் வீதம் 1 சதவீதம் வரை இருந்திருக்கலாம்.

ஒன்றிரண்டு மரணங்களை வைத்துக் கந்தளாயையும் கிண்ணியாவையும் ஒப்பிட்டு, ‘அங்கே வைத்தியம் சரியில்லை’ என்று எழுதுவது அநியாயம். நான்கைந்து ஆண்டைச் சேர்த்தால் மட்டுமே ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

அப்படிச் சேர்க்கும்போது எல்லைகளைக் கவனியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் பிரதேச செயலகப் பிரிவும் ஒன்றல்ல. கிண்ணியா பிரதேச செயலகப் பிரிவுக்குள் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி என்று இரண்டு சுகாதாரப் பிரிவுகள். ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகப் பிரிவில் திருகோணமலை, உப்புவெளி என்று இரண்டு. ஒன்றின் நோயாளரை மற்றதன் சனத்தொகையால் வகுத்து ‘கிண்ணியாவில் பாதியாகக் குறைந்தது’ என்று சந்தோசப்படுவது எளிதில் நடக்கும் தவறு.

அறிக்கை எவ்வளவு நிறைந்தது?

தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் பிராந்தியவாரியான அட்டவணை ஒன்று இருக்கும். திருகோணமலை தனி வரியாக வரும். ஒவ்வொரு நோய்க்கும் ‘ஏ’ நிரல் அந்தக் கிழமை, ‘பி’ நிரல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மொத்தம். எல்லாரும் அத்தோடு மூடிவிடுவார்கள். வலது ஓரத்தில் ‘டி’ (T), ‘சி’ (C) என்று இரண்டு நிரல் உண்டு. முதலாவது விவரங்கள் நேரத்துக்கு வந்துசேர்ந்த சதவீதம், இரண்டாவது வந்துசேர்ந்தவற்றின் முழுமை. ‘டி’ 60 என்றால் பத்தில் நான்கு விவரங்கள் அந்தக் கிழமை நேரத்துக்கு வரவில்லை. அந்தக் கிழமை நோய் குறைந்ததாக எழுத உங்களுக்கு உரிமையில்லை. நீண்ட விடுமுறை, வெள்ளம் வரும் கிழமைகளில் இந்த நிரலை முதலில் பாருங்கள், பிறகு நோயாளர் எண்ணைப் பாருங்கள்.

எல்லா மரணங்களையும் வைத்துச் சோதிப்பது

காரணத்தில் சந்தேகம் இருக்கும்போது, காரணமே கேட்காத கணக்கு ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், வழமையாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கழிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆண்டுகளுக்கு இப்படிக் கணித்ததில் உலகில் 149 இலட்சம் மேலதிக மரணம் வந்தது. நாடுகள் கொவிட் என்று அறிவித்திருந்தது 54 இலட்சம்.

ஆனால் ‘வழமை’ எது என்பதில் கை நடுங்கும். இலங்கையில் பதிவான மொத்த மரணம் 2019இல் ஏறத்தாழ 146,000. 2020இல் அது 132,000 அளவுக்கு இறங்கியது. 2021இல் 164,000 அளவுக்கு ஏறியது. 2021இன் எண்ணிலிருந்து 2020இன் எண்ணைக் கழித்தால் 32,000 மேலதிகம். 2019இன் எண்ணைக் கழித்தால் 18,000. அரசு அறிவித்த கொவிட் மரணம் 2021 முடிவில் 15,000ஐ அண்மித்திருந்தது. ஒரே தரவை வைத்து ‘பாதியை மறைத்தார்கள்’ என்றும் எழுதலாம், ‘கிட்டத்தட்டச் சரி’ என்றும் எழுதலாம். 2020இல் ஊரடங்கால் வீதி விபத்து குறைந்திருக்கலாம், வேறு தொற்றுகள் குறைந்திருக்கலாம், பதிவுகள் பிந்தி அடுத்த ஆண்டில் ஏறியும் இருக்கலாம். அதனால் 2020ஐ அடிப்படையாக வைக்காதீர்கள். குறைந்தது 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள், மாதவாரியாக. இன்னொரு எச்சரிக்கை: 2022இல் மொத்தப் பதிவு 180,000 வரை போனது, அந்த ஆண்டில் அறிவித்த கொவிட் மரணமோ 2,000க்கும் குறைவு. மேலதிகம் முழுவதையும் ஒரு நோயின் தலையில் கட்ட முடியாது என்பதற்கு இது போதும்.

உள்ளூரில் எங்கே கேட்பது

மொத்த மரண எண்ணிக்கை பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும். நோயாளர் எண்ணும் உறுதியான மரணமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில், பிராந்தியத் தொற்றுநோயியலாளரிடம். முதலில் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

‘டெங்கு மரண விவரம் தருக’ என்று எழுதினால் மருத்துவ விவரம் தர முடியாது என்று மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். பெயர் வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதி, இப்படிக் கேளுங்கள்: ‘2023 ஜனவரி முதல் இன்றுவரை, ஒவ்வொரு மாதத்துக்கும், மரணம் நிகழ்ந்த திகதியின்படி, இறந்தவர் வசித்த சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின்படி, (அ) டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்ட மரணங்கள், (ஆ) அவற்றில் உறுதியானவை, (இ) நிராகரிக்கப்பட்டவை, (ஈ) விசாரணை முடியாதவை ஆகியவற்றின் எண்ணிக்கை.’ நான்காவதுதான் உயிர்நாடி. அதை யாரும் தாமாக வெளியிடுவதில்லை.

பள்ளிவாசல் மையவாடிப் பதிவேடு, இந்து மயானத்தின் பதிவு, தேவாலயப் பதிவேடு ஆகியவற்றை மாதவாரியாக எண்ணி ஒப்பிடலாம். எண்ணும்போது திகதி, வயது, ஆணா பெண்ணா, கிராம உத்தியோகத்தர் பிரிவு இந்த நான்கை மட்டும் குறியுங்கள். இரண்டு பதிவேட்டில் ஒரே மரணம் வந்தால் பிடித்துவிடலாம், யாருடைய பெயரும் வெளியே போகாது. வெளியூரில் இறந்து இங்கே அடக்கப்பட்டவர்களைத் தனியாகப் பிரியுங்கள். காரணத்தை ஊர்க்கதையிலிருந்து நிரப்பாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, குழுவில் போடும் வரி இப்படி இருக்கட்டும்: ‘திருகோணமலை மாவட்டம்: டிசம்பர் 12 வெள்ளி வரை கிடைத்த விவரப்படி 640 சந்தேக டெங்கு நோயாளர், உறுதியான மரணம் 2, விசாரணையில் 1. விவரங்களில் 85 சதவீதம் நேரத்துக்கு வந்துள்ளன. வெளிமாவட்ட வைத்தியசாலைகளுக்கு மாற்றப்பட்டோர் இதில் முழுமையாக இல்லை.’ வீதத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள். இரண்டு மரணத்துக்கு வீதம் தேவையில்லை.